நுரையீரல் சி.டி. ஸ்கேன் 400 எக்ஸ்ரேவுக்குச் சமமா?

"ஒரு சி.டி. ஸ்கேன் 400 எக்ஸ்ரேவுக்குச் சமம், புற்றுநோய் வரும், எடுக்காதீர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதை நம்பி, நுரையீரல் தழும்பு நோய் உள்ள என் பெரியப்பா ஸ்கேன் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

2021 மே மாதம், லேசான கொரோனாவுக்குத் தேவையின்றி ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அன்றைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா சொன்னபோது வந்த ஒப்பீடு இது. இந்திய கதிரியக்க மருத்துவர் சங்கம் அப்போதே மறுத்தது.

வட அமெரிக்க, அமெரிக்கக் கதிரியக்க அமைப்புகள் நடத்தும் 'ரேடியாலஜி இன்ஃபோ' தளத்தைப் பாருங்கள். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 மில்லிசீவர்ட், வழக்கமான மார்பு சி.டி. சுமார் 6, குறைந்த அளவுக் கதிர் சி.டி. சுமார் 1.5. அதாவது 400 அல்ல, சுமார் 60 அல்லது 15 எக்ஸ்ரேவுக்குத்தான் சமம். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 நம்மேல் படுகிறது.

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் குறைந்த கதிரிலும் படம் தெளிவாகவே விழும். எக்ஸ்ரேயில் தப்பிவிடும் தொடக்கநிலைத் தழும்பு சி.டி.யில் தெரியும். கதிர்வீச்சு அறவே தீங்கற்றது என்று சொல்லவில்லை. கர்ப்பிணிகள் கட்டாயம் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் தேவையான ஸ்கேனைத் தவிர்ப்பது பெரிய ஆபத்து.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.