எட்டு ரேக்குக்கு எத்தனை குடம்?

லீவில் எங்கள் ஊர், ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் வந்து நாலு நாள் ஆகிறது. இன்று காலை உப்பளத்துப் பக்கம் போனேன். அப்பா உப்பு வாரிய பாத்திகளை இப்போது வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். கடல் தண்ணீர் 3 டிகிரியில் உள்ளே வரும் (இது சூடு அல்ல, உப்பு அடர்த்தியை அளக்கும் போமே டிகிரி). வெயிலும் காற்றும் குடிக்கக் குடிக்க அடர்த்தி ஏறி, 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும். சின்ன வயதிலேயே மனசில் பதிந்த கணக்கு அது. இன்று சென்னையில் ஒரு டேட்டா சென்டரில், அதாவது சர்வர் கம்ப்யூட்டர்கள் நிறைந்த கட்டடத்தில், அவை சூடாகாமல் ஆற்றும் கூலிங் வேலை எனக்கு. போன மாதம் அங்கே நடந்த ஒரு கூட்டம் இன்னும் என்னை உறுத்துகிறது.

பழைய ஹாலை ஏஐ சர்வர்களுக்காக மாற்றப்போகிறார்கள். இதுவரை ஒரு ரேக், அதாவது சர்வர்களை அடுக்கும் ஒரு அலமாரி, இழுப்பது 5, மிஞ்சினால் 10 கிலோவாட். தரைக்கு அடியிலிருந்து குளிர்காற்றை ஊதிச் சமாளித்துவிடுவோம். இனி வருவது அப்படியில்லை. என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக் ஒன்றே சுமார் 120 கிலோவாட். எவ்வளவு ஊதினாலும் காற்றால் அதை ஆற்ற முடியாது. ஒரே கொள்ளளவில் காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால் சிப்பின் மேலேயே செம்புத் தட்டை வைத்து, அதற்குள் திரவத்தை ஓடவிட வேண்டியதுதான். இது மூடிய குழாய்ச் சுற்று, ஒரு முறை நிரப்பினால் அதே திரவம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். இதுவரை எல்லோரும் ஒத்துப்போனோம்.

அந்தச் சூட்டைக் கட்டடத்துக்கு வெளியே எப்படித் தள்ளுவது என்பதில்தான் தகராறு. தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைத் தள்ளும் கூலிங் டவர் வைத்தால் கரண்ட் மிச்சம் என்றார் ஒருவர். தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு செலவா? லாரி வந்து ஊத்திட்டுப் போகும்" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் போக முடியவில்லை. எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்காக அம்மாவும் அக்காவும் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் குடங்களை அடுக்கித் தள்ளிப்போகும் அந்தத் தள்ளுவண்டியை இன்றும் பார்க்கலாம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துப்போகும். 120 கிலோவாட் ரேக் எட்டு வைத்தால் கிட்டத்தட்ட 1 மெகாவாட். அத்தனையையும் டவர்தான் ஆற்ற வேண்டும் என்றால் மணிக்கு 1,500 லிட்டர், ஒரு நாளைக்கு 36,000 லிட்டர் ஆவியாகும். அதோடு முடியாது. டவரும் ஒரு உப்பளம்தான். தண்ணீர் போகும், உப்பு தங்கும். அது அடர்ந்து குழாயில் படியாமல் இருக்க அவ்வப்போது கொஞ்சத்தை வடித்துவிட வேண்டும். நாலு மடங்கு அடர்த்திவரை விட்டால், ஆவியாகும் ஒவ்வொரு மூணு லிட்டருக்கும் ஒரு லிட்டர் சாக்கடைக்குப் போகும். மொத்தம் 48,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 3,200 குடம், எட்டே எட்டு ரேக்குக்கு, தினமும். உப்பளத்தில் தண்ணீரைக் காயவிட்டால் உப்பாவது கையில் நிற்கும்.

வழி இல்லாமல் இல்லை. சிப்புக்குப் போகும் திரவம் சில்லென்று இருக்கத் தேவையில்லை. 45 டிகிரியில் உள்ளே விட்டாலும் தாங்கும்படி வடிவமைத்த சர்வர்கள் வந்துவிட்டன. வெளியே 36, 37 டிகிரி வெயில் அடித்தாலும், லாரி ரேடியேட்டர் மாதிரி வெறும் காற்றாலேயே அந்தத் திரவத்தை ஆற்றிவிடலாம். டிரை கூலர் என்பார்கள். இதற்கு இடம் அதிகம் வேண்டும், ஃபேன்கள் கூடுதல் கரண்ட் இழுக்கும். திரவத்தில் இறங்காமல் காற்றில் மிஞ்சும் 10, 20 சதவீதச் சூட்டுக்குப் பழைய ஏசி ஓடத்தான் வேண்டும். அந்தச் செலவைக் கொடுக்கலாம் என்பதுதான் என் கட்சி. கரண்டை வெயிலிலிருந்துகூட எடுக்க முடியும். இதே மாவட்டத்தில் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சோலார் ஓடுகிறது. நிலத்தடி நல்ல தண்ணீரை எதிலிருந்து எடுப்போம்?

இதைச் சொன்னதும் ஊர்த் தம்பிகள் கேட்டார்கள்: "அண்ணே, சோலார் இருக்கு, பக்கத்துலயே கடல் இருக்கு. டேட்டா சென்டரை இங்கேயே கொண்டுவந்து கடல் தண்ணியால ஆத்தினா என்ன?" நியாயமான கேள்வி. பின்லாந்தில் ஹமினா என்ற ஊரில் கூகுள் அப்படித்தான் கடல் தண்ணீரால் ஆற்றுகிறது. ஆனால் அது குளிர்ந்த கடல். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. 1986-லிருந்தே அது தேசியப் பூங்கா. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பாறைகள் வெளுத்துப்போயின. ஏற்கெனவே காய்ச்சலில் கிடக்கும் கடலில் இன்னும் சுடுதண்ணீரைக் கொண்டுவந்து விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே வருவதானால் டிரை கூலரோடு வரட்டும். அதன் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துத் தின்னும், நல்ல பூச்சு வேண்டும். பாம்பன் பக்கம் ஏசி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் அவுட்டோர் யூனிட் படும் பாட்டைச் சொல்வார்.

திங்கட்கிழமை மறுபடி கூட்டம் இருக்கிறது. அஜெண்டாவில் மின்சாரத்துக்கு மூணு பக்கம், தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை. 3,200 குடம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். குடம் என்றே எழுதினேன், லிட்டராக மாற்றவில்லை.