மறுகாவுக்குக் கீழே சிவப்புக் கோடு

போன கிழமை தங்கச்சியின் மகள் கட்டுரைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். தரம் 8 படிக்கிறாள். அம்மம்மாவோடு களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போன கதை. அதில் அம்மம்மா பேசுகிற இடத்தில் “மறுகா என்ன நடந்த?” என்று எழுதியிருந்தாள். மறுகா என்றால் எங்கள் மட்டக்களப்புப் பேச்சில் ‘பிறகு’. மறுகாவுக்குக் கீழே சிவப்புக் கோடு. ‘நடந்த’ வெட்டப்பட்டு மேலே ‘நடந்தது’.

“பெரியம்மா, அம்மம்மா பிழையாவா கதைக்கிற?”

அந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நான் மொழியியலை ஒரு பாடமாகப் படித்தவள். மொழியியல் அறிஞர்களின் பெயரையும் அவர்களின் நூல் வந்த ஆண்டையும் சசூர் 1916, சொம்ஸ்கி 1957 என்று பாடமாக்கிப் பரீட்சை எழுதினேன். உன் அம்மா பேசுகிற ஒரு வசனத்தைக் கொண்டுவா, இதை வைத்துப் பிரித்துப் பார்ப்போம் என்று அந்த மூன்று வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கோட்பாடுகளைக் கருவிகளாகத் தராமல் பெயர்ப்பட்டியலாகத் தந்தது எங்களுக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு சொல்லுக்குப் பெறுமதி தனியே நின்று வருவதில்லை, பக்கத்துச் சொற்களோடு உள்ள வேறுபாட்டால் வருகிறது என்பது சசூரின் அடிப்படை. அப்படியென்றால் ‘பிறகு’வுக்கும் யாழ்ப்பாணத்து ‘பேந்து’வுக்கும் பக்கத்தில் வைத்துத்தான் ‘மறுகா’வைப் பார்க்க வேண்டும். அம்மா கதை சொல்லும்போது கவனியுங்கள். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடத்திலெல்லாம் மறுகா வரும். பேச்சில் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று கேட்ட ஹலிடே போன்ற மொழியியலாளர்களுக்கு இது நல்ல தீனி.

‘நடந்த’ இன்னும் ஆழமானது. “நீ எப்ப வந்த?”, “அவன் எப்ப வந்த?”, “நான் நேத்துத்தான் வந்த.” ஆள் மாறினாலும் வினை மாறவில்லை. கேள்விச்சொல்லோ ‘தான்’ என்ற அழுத்தமோ உள்ள வசனங்களில்தான் இதை நான் அதிகம் கேட்கிறேன். பேசுகிறவரின் மனதில் ஏதோ ஒரு விதி இருந்து இதை நடத்துகிறது. அந்த விதியைக் கண்டுபிடி என்பதுதானே சொம்ஸ்கி வழிவந்தவர்களின் கேள்வி? ‘வந்தது’ என்பதன் கடைசித் துண்டு உதிர்ந்துவிட்டதா? சிங்களத்திலும் கேள்விச்சொல் வந்தால் பொதுவாக ‘ஆவா’ (வந்தான், வந்தாள்) என்ற வினை ‘ஆவே’ என்று மாறும். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இரண்டு மொழிகள் ஒன்றையொன்று தொட்டிருக்குமா? ஒரு ஆய்வுப் பட்டத்துக்கே போதுமான விசயம். அதைத்தான் ஒரு சிவப்புப் பேனை வெட்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் மொழியியலாளர் லபோவ் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தீவைவிட்டுப் போக விரும்பாதவர்களின் வாயில் அந்த ஊர் உச்சரிப்பு கூடுதலாக இருந்ததை அவர் கண்டார். கொழும்புக்கு வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகள் இரண்டு மாதத்தில் மறுகாவை விடுவதையும், ஊருக்குத் திரும்பி பஸ்ஸால் இறங்கியதும் அது வாயில் வந்துவிடுவதையும் பார்க்கும்போது அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

பேச்சுத்தமிழ் வழக்குகளில் எழுத்துத்தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்பு வழக்கு என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் எழுதியதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அதே வழக்கைக் கொப்பியில் கண்டால் வெட்டுகிறோம். தொல்காப்பியப் பாயிரமே ‘வழக்கும் செய்யுளும்’ என்று வழக்கை முன்னே வைக்கிறது. கட்டுரை எழுத்துத்தமிழில் இருக்கட்டும், அதைத் திருத்துங்கள். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருப்பது அம்மம்மாவின் குரல். அதை விட்டுவிடுங்கள் ஆசிரியர்மாரே.

பெறாமகளுக்கு ஒரு புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்து, அம்மம்மா சொல்வதை அப்படியே எழுதச் சொன்னேன். நேற்று வந்து சொல்கிறாள்: “பெரியம்மா, அம்மம்மா ‘அவன் வந்தான்’ எண்டும் சொல்றா. எப்ப ‘வந்த’, எப்ப ‘வந்தான்’ எண்டு இன்னும் பிடிபடல்ல.”