ஒரு நாய்க்கு ஓர் அடிமை

ரோமப் பேரரசு ஏன் விழுந்தது என்று கேட்டால், காட்டுமிராண்டிகள் படையெடுத்து வந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கி.பி. 376-இல் நடந்ததைப் பாருங்கள். ஹூணர்களுக்குப் பயந்த கோத் என்ற ஜெர்மானிய இன மக்கள் பிள்ளைகுட்டிகளோடு டான்யூப் கரையில் வந்து நின்று அடைக்கலம் கேட்டார்கள். பேரரசர் வாலன்ஸ் சம்மதித்தார். ஆற்றைக் கடந்தவர்களைக் கவனிக்க வேண்டிய லூபிசினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு அதிகாரிகள் அவர்கள் பசியை வைத்து வியாபாரம் செய்தார்கள். நாய்களைப் பிடித்து வந்து தின்னக் கொடுத்தார்கள். ஒரு நாய்க்கு விலை ஓர் அடிமை. அப்படி விலையாகப் போனவர்களில் கோத் தலைவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை எழுதிவைத்த அம்மியானஸ், ரோமப் படையிலேயே பணியாற்றியவர். எதிரி கட்டிய கதை என்று ஒதுக்க முடியாது. இரண்டே வருடத்தில் அட்ரியானோபிள் போர்க்களத்தில் அதே கோத்துகளிடம் வாலன்ஸ் மாண்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஸ்பெயினில் பிறந்த டிராஜனையும் ஆப்பிரிக்காவில் பிறந்த செவரஸையும் அரியணையில் ஏற்றிய ரோம் இது. 212-இல், அடிமைகளாக இல்லாத ஏறக்குறைய எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்த ரோம். வந்தவனை நம்மவனாக்கிக்கொள்ளும் அந்தக் குணம் போனதுதான் வீழ்ச்சிக்கு மூல காரணம் என்பேன்.

வேறு காரணங்கள் இல்லையா? உண்டு. வெள்ளி நாணயத்தில் செம்பு ஏறிக்கொண்டே போனது. உள்நாட்டுப் போர்கள் ஓயவில்லை. 439-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம் கைவிட்டுப் போனபோது பேரரசின் மேற்குப் பகுதியின் தானியமும் வரிப்பணமும் சேர்ந்தே போயின. அப்புறம் படைக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

ஆனால் அதற்கு வெகு முன்பே, 408-இல், ஒரு பெரும் பாவம் நடந்தது. மேற்கைக் காத்துவந்த தளபதி ஸ்டிலிகோவுக்கு மரண தண்டனை. அவர் தந்தை வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தவர். கையோடு, ரோமப் படையில் இருந்த அந்நிய வீரர்களின் மனைவி மக்களை இத்தாலிய நகரங்களில் வெட்டிக் கொன்றார்கள். ரோமுக்காகச் சண்டை போட்டவர்களின் குடும்பங்கள்! அந்த வீரர்கள் கோத் தலைவன் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள். 30,000 பேர் என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் சோசிமஸ். வேறு எங்கே போவார்கள்?

ரோம் நகரை முதல் முறை முற்றுகையிட்டபோது, விலகிப் போக அலாரிக் வாங்கிய பட்டியலில் 5,000 பவுண்டு தங்கத்தோடு 3,000 பவுண்டு மிளகும் உண்டு. நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பண்டம். ஆனால் பிறகு ஒரு கட்டத்தில் அவன் கேட்டது மிகக் கொஞ்சம். தங்கம் வேண்டாம், பதவி வேண்டாம், டான்யூப் ஓரத்து நோரிக்கத்தில் குடியிருக்க இடமும் வருடாவருடம் தானியமும் போதும், எவ்வளவு என்பதைப் பேரரசரே பார்த்துச் சொல்லட்டும் என்றான். ரவென்னாவில் இருந்த மேற்குப் பேரரசர் ஹொனோரியஸின் அரசவை அதையும் மறுத்தது. 410 ஆகஸ்டில் சலாரியன் வாசல் வழியாக அலாரிக்கின் படை ரோமுக்குள் நுழைந்தது.