அழைப்பிதழில் ஆறு மணி, வில்லு ஏறும்போது ஒன்பதரை

ஆனி மாசம் நெல்லையப்பருக்குக் கொடி ஏறியாச்சுன்னா திருநெல்வேலி டவுன்ல எங்க திரும்பினாலும் ஒரு மேடை. கோயிலுக்குள்ள நடக்குறது கோயில் விழா. அதைச் சாக்கா வச்சு வெளியில மன்றமும் சங்கமும் போட்டி போட்டு நடத்துறது 'மாபெரும் கலை விழா'. வெளியூர்க்காரன் அழைப்பிதழை வாட்ஸப்புல பாக்கான். வில்லுப்பாட்டு (மணி கட்டின வில்லை அடிச்சுக் கதை பாடுறது), கணியான் கூத்து (மகுடம்ங்கிற தோல் வாத்தியத்துக்குப் பெண் வேஷக்காரங்க ஆடுறது), நாதஸ்வரமும் தவிலுமா நையாண்டி மேளம், எல்லாம் ஒரே மேடையில, அனுமதி இலவசம். நம்பி ஜங்ஷன்ல இறங்கி, ஈரடுக்குப் பாலம் ஏறி, டவுனுக்குள்ள வாறான். கிடைக்கிறது என்ன? பிளாஸ்டிக் நாற்காலி, நெஞ்சை அதிர வைக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ், ரெண்டு மணி நேரப் பொன்னாடை.

கணக்குப் போட்டே காட்டலாம். அழைப்பிதழ்ல மாலை 6 மணி. சிறப்பு விருந்தினர் கார் வந்து நிக்கிறது 7.15. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு: அஞ்சு திரி, அஞ்சு பேர், திரிக்கு ஒரு போட்டோ, பத்து நிமிஷம். வரவேற்புரை பத்து. மேடையில 18 நாற்காலி. ஆளுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, கேமராவைப் பாத்துச் சிரிப்பு, ஒன்றரை நிமிஷம் வச்சாலும் 27 நிமிஷம். அதுல பாதிப் பேரு "ரெண்டு வார்த்தை மட்டும்" பேசுவாவ. அந்த ரெண்டு வார்த்தை அஞ்சு நிமிஷம், ஒன்பது பேருக்கு 45. சிறப்புரை 25. இப்பவே மணி 9.12. நன்றியுரை, சோபாவை இறக்க, மைக் மேசையை நகர்த்த ஒரு கால் மணி நேரம். வில்லு மேடை ஏறுறது 9.27. தாளத்துக்கு அடிக்கிற குடத்தை வச்சு, வில்லு நாணை இழுத்துக் கட்டி, மைக் சரி பண்ண இன்னொரு பத்து நிமிஷம். பத்து மணிக்கு போலீஸ்காரர் மேடைக்கு வந்து வாட்சைக் காட்டுவார்.

மிச்சம் 23 நிமிஷம்.

வில்லுப்பாட்டுன்னா என்னன்னு தெரிஞ்சவனுக்கு இந்த 23 நிமிஷம் எவ்வளவு பெரிய அநியாயம்னு விளங்கும். சாமியைக் கும்பிட்டுக் காப்பு பாடணும். என்ன கதைன்னு வருபொருள் சொல்லணும். குருவை வணங்கிக் குருவடி பாடணும், அவையடக்கம் சொல்லணும், நாட்டு வளம் பாடணும். அதுக்குப் பிறகுதான் கதையே தொடங்கும். கடைசியில வாழ்த்திப் பாடுற வாழி. கிராமத்துக் கொடையில, அதான் ஊர்ச் சாமிக்கு எடுக்குற விழாவுல, சுடலைமாடன் சாமி கதைக்கு ஒரு ராத்திரி காணாது. இங்க நாட்டு வளத்துல தாமிரபரணி பொதிகையை விட்டு இறங்கும் முன்ன, மேடைக்குக் கீழ நிக்கிற விழாக் குழுச் செயலாளர் அண்ணாச்சி ரெண்டு விரலை ஆட்டுவாரு: "சட்டுனு முடிங்க அண்ணாவி, டயம் ஆச்சு." டயத்தைத் தின்னது யாரு வே?

இதுல பெரிய கொடுமை, சட்டம் கலைஞனை மட்டும் குறி வச்சுப் பிடிக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000-ல வந்தது. ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. நல்ல விதி, எதிர்ப்பு ஒண்ணும் இல்ல. ஆனா பத்து மணிக்கு முடியணும்னு தெரிஞ்சா பேச்சைத்தானே முதல்ல வெட்டணும்? எந்த ஊர் விழாவுலயாவது சிறப்புரையைப் பாதியில நிறுத்தின போலீஸ்காரரைப் பாத்திருக்கியளா? அவருக்குப் பத்து மணி ஆகுறது எப்பவும் உடுக்கை தூக்கும்போதுதான். இன்னொரு கூத்து. பேட்டை, சுத்தமல்லி, முக்கூடல், சேரன்மகாதேவின்னு வெளியில இருந்து வந்த சனம் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஒன்பது மணிக்கே எந்திரிச்சிடும். பொன்னாடையை முழுசாப் பாத்த கூட்டத்துக்கு வில்லு கிடையாது. வில்லுக்கு மிச்சம் இருக்கிறது பந்தல்காரனும் நாற்காலி எண்ணுறவனும்.

சரி, 23 நிமிஷமாவது காதுல விழுதா?

மைக் செட்டுக்காரருக்கு வில்லும் ஒண்ணுதான், கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவும் ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல வூஃபர் அடுக்கு. மிக்சர்ல எக்கோ பாதிக்கு மேல. குடத்து வாய்க்குள்ளயே மைக்கைச் சொருகி வைக்கிறது. மண்குடம் காத்து அடைச்ச பாத்திரம், அதுக்குன்னு ஒரு கீழ்ஸ்தாயி முழக்கம் இருக்கு. மைக்கை உள்ள விட்டா அந்த முழக்கம் மட்டும் பிடிக்கும், பாளை மட்டை குடத்து வாயில விழுற தட்டு கேக்கவே கேக்காது. அந்த முழக்கத்தை வூஃபர் இன்னும் ஊதிப் பெருக்கும். மேல வில்லு மணியெல்லாம் டாப் ஸ்பீக்கர்ல 'ஸ்ஸ்ஸ்'ன்னு ஒரே இரைச்சல். நடுவுல புலவர் (அந்த அண்ணாவிதான், வில்லு அடிச்சுப் பாடுற தலைமை ஆள்) சொல்லுற கதை? எக்கோவுல முங்கிப் போச்சு. கதை கேக்கலேன்னா வில்லுப்பாட்டு எதுக்கு? அது கதை சொல்லுற கலை வே, டிஜே இல்ல.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. புலவருக்கு ஒரு மைக், வாயில இருந்து நாலு விரற்கடை. வலத்தே பாடுறவருக்கு ஒண்ணு, இடத்தே பாடுறவருக்கு ஒண்ணு. உடுக்கைக்கு ஒண்ணு. குடத்துக்கு ஒண்ணு, வாய்க்கு வெளியில ஒரு சாண் தள்ளி, சரிச்சு. மணிக்குத் தனி மைக் வேண்டாம், பாடுற மைக்குலயே வேண்டிய அளவு விழும். பாட்டு மைக் எல்லாத்துலயும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டு; சின்ன மிக்சர்ல கூட அதுக்கு ஒரு பட்டன் இருக்கு, அமுக்குறதுக்கு விரல்தான் இல்ல. எக்கோ சுழியம். தாளம் தட்டுறவருக்கு மைக் கொடுக்காத. திறந்து வச்ச மைக் எண்ணிக்கை இரட்டிச்சா, மைக் 'கீ'ன்னு ஊளை போடுறதுக்கு முன்ன கிடைக்கிற சத்தம் 3 டெசிபல் குறையும். எட்டுப் பேருக்கு எட்டு மைக் போட்டுட்டு, "ஊளை அடிக்கி, என்ன செய்ய"ன்னு கையை விரிச்சா அது யாரு குத்தம்? ஸ்பீக்கர் மைக் வரிசைக்கு முன்னால நிக்கணும், பின்னால இல்ல. பாடுறவருக்கே பாட்டைக் கேக்க வைக்கிற மானிட்டர் பாக்ஸ் மைக்கோட முதுகைப் பாத்து இருக்கணும். இவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்கு அரை மணி நேரம் ஒத்திகை கொடுத்தா எல்லாம் சரியாகும். அந்த நாலு மணிக்கு மேடையில பேனர் கட்டிக்கிட்டு இருப்பாவ.

பேனர்னதும் நினைவு வருது. வில்லுக் குழு உக்காந்து பாடும். அஞ்சடி மேடையில, தரையில சம்மணம் போட்டா, முன்னால ரெண்டு மானிட்டர் பாக்ஸ், பூத்தொட்டி வரிசை, மேடை ஓரத்துத் துணி. முன் வரிசையில இருக்கவனுக்குத் தெரியிறது புலவரோட தலைப்பாகை மட்டும். வில்லை அடிக்கிற வீசுகோல் எப்படி நாண்ல இறங்குது, உடுக்கைக் கயிறை எப்படி இறுக்கி நெகிழ்த்துதான், ஒண்ணும் தெரியாது. பாக்குறதுக்கு இருக்கிற பாதி விஷயம் அந்தக் கையிலதான் இருக்கு. மேடை மேல ரெண்டடி உயரத்துல நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, ஜமுக்காளம் விரிச்சா தீர்ந்தது. பின்னால தொங்குற பன்னிரண்டு முகப் பேனருக்கு ஆன காசுல பத்துல ஒரு பங்கு ஆகுமா?

கணியான் கூத்துக்கு வாங்க. மகுடம் ரெண்டு: உச்ச மகுடம், மந்த மகுடம். தோல் வாத்தியம், தீயில வாட்டித்தான் சுதி ஏத்தணும். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனல்ல காட்டி, விரலால தட்டித் தட்டிப் பாப்பாவ. 'டொப்'புன்னு இருந்த சத்தம் மெல்ல மெல்ல இறுகி, ஒரு கட்டத்துல 'டண்'ணுன்னு தெறிக்கும். அந்த நேரத்துல எடுத்து அடிக்கணும். சூடு இறங்கினா சுதியும் இறங்கும். ஆத்துக் காத்து அடிக்கிற ராத்திரின்னா சீக்கிரமே இறங்கும். இப்ப நம்ம விழா மேடைக்குப் பின்னால என்ன நடக்கு? "தீ வைக்கக் கூடாது, பந்தல் துணி பத்திக்கும்"ங்காவ. நியாயம்தான். அப்போ பந்தலுக்கு வெளியில பத்தடி இடமும் ஒரு தகரத் தட்டும் ஒரு வாளித் தண்ணியும் கொடுக்கலாம்ல? அதையும் யோசிக்க ஆள் இல்ல. இல்லேன்னா எட்டு மணிக்கு வாட்டச் சொல்லிட்டு ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிடுவாவ. ஆறிப்போன மகுடம். பெண் வேஷம் கட்டின ரெண்டு பேரும் சலங்கையோட ஆடுறாங்க, மகுடம் தொய்ஞ்ச தோல் மாதிரி பேசுது. கேட்டவன், "இதுல என்ன இருக்கு?"ன்னு எந்திரிச்சுப் போறான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அவன் கணியான் கூத்தைக் கேக்கவே இல்லியே.

மேளத்துக்கு நடக்குறது வேற மாதிரி அநியாயம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் வீதியில மைக்கே வேண்டாம். பலா மரத்துல குடைஞ்ச தவில், ஒரு பக்கம் விரல்ல கூடு மாட்டி அடிக்கிறது, மறுபக்கம் பூவரசங் கம்பு. திறந்த வெளிக்குன்னே செஞ்ச வாத்தியம். நம்ம ஆளு என்ன செய்யான்? சாமி சப்பரம் வீதிக்கு வரும்போதும், அம்பது மீட்டருக்கு ஒண்ணாக் கட்டின பாக்ஸ்ல பக்திப் பாட்டு ஓடும். நாதஸ்வரக்காரர் ஒரு சுதியில, பாக்ஸ் இன்னொரு சுதியில. எந்த வித்வான் காதைப் பொத்திக்கிட்டு வாசிப்பாரு? நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசிச்ச சீமை இது. இந்த ஊர்ல இப்பிடி.

அந்த பாக்ஸ் வரிசையில இன்னொரு கணக்கும் இருக்கு. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அம்பது மீட்டர்னா நொடியில ஏழுல ஒரு பங்கு. முன்னால இருக்கிற பாக்ஸ் சொல்லுறதை, பின்னால இருக்கிறது கொஞ்சம் பிந்தித் திருப்பிச் சொல்லும். எதிர்ச் சுவர் மூணாவதாச் சொல்லும். "காணாமல் போன குழந்தை சிவப்புச் சட்டை"ங்கிற அறிவிப்புகூட யாருக்கும் விளங்காது. மிக்சர்லயோ ஆம்ப்ளிஃபயர்லயோ 'டிலே' இருக்கும். மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் வச்சு, மேடையில இருந்து தள்ளி இருக்கிற பாக்ஸைத் தாமதிக்க விட்டா எல்லாம் ஒரே குரலாச் சேரும். அது இல்லேன்னா பாக்ஸை எல்லாம் ஒரே திசை பாத்துத் திருப்பி, சத்தத்தைப் பாதியாக் குறை. அதுவும் முடியாதுன்னா, சப்பரம் அந்த வீதியைக் கடக்குற அரை மணி நேரம் செட்டை அணை. ஒரு சுவிட்ச். ஊரு ஒண்ணும் இருண்டு போயிடாது.

2024-ல நெல்லையப்பர் கோயில் சுவாமி தேர் வடம் அறுந்தப்ப ஊரே கொதிச்சுது, கொதிக்கவும் வேணும். ஆனா வருஷா வருஷம் மேடையில புலவன் குரலை அறுக்குறதுக்கு ஒரு நாக்கும் அசையல. வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் பிறந்த மண்ணுன்னு மட்டும் மூச்சுக்கு மூச்சு சொல்லுவோம். 2021-ல அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சதை, வில்லை மேடைக்குக் கீழ காக்க வச்சுக்கிட்டே பத்து நிமிஷம் பேசுவோம்.

வெளியில இருந்து வாறவங்களுக்கு: அழைப்பிதழ்ல நேரத்தைப் பாக்காதீங்க, பேரை எண்ணுங்க. விருந்தினர் பேரு பத்தைத் தாண்டி, கலைஞர் பேரு இல்லாம வெறும் "கலை நிகழ்ச்சிகள் நடைபெறும்"னு இருந்தா வரவே வேண்டாம். வந்தே தீரணும்னா எட்டே முக்காலுக்கு வாங்க. ரத வீதிப் பக்கம் வண்டியைக் கொண்டு வராதீங்க, தேர் அன்னைக்கு நினைக்கவே வேண்டாம். வூஃபருக்கு நேரே உக்காராம, மேடையில இருந்து பதினஞ்சு இருபது மீட்டர் தள்ளி நடுவுல உக்காருங்க. தூரம் இரட்டிச்சா 6 டெசிபல் குறையும், காது பிழைக்கும். வில்லை உண்மையிலேயே கேக்கணும்னு ஆசை இருந்தா, சித்திரை வைகாசியிலோ ஆடியிலோ ஏதாவது ஒரு கிராமத்துக் கொடைக்குப் போங்க. கொடைன்னு தெரிஞ்சதும், "வில்லு யாரு?"ன்னு கேளுங்க, சொல்லுற விதத்துலயே குழு எப்படின்னு தெரிஞ்சிடும். குடம் இருக்கிற பக்கம் உக்காருங்க.

விழாக் குழு அண்ணாச்சிமாருக்கு ஒரே ஒரு வேலை. அந்த ஒலி மாசு விதிகள்லயே ஒரு வழி இருக்கு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம, ராத்திரி 12 மணி வரைக்கும் மாநில அரசு அனுமதி கொடுக்கலாம். அந்த நாள்ல ஒண்ணாவது நம்ம வில்லுக்குக் கிடைக்கட்டும்னு விழாவுக்கு ரெண்டு மாசம் முன்னயே மனு எழுதிக் கொடுங்க. எழுதத் தெரிஞ்ச வக்கீல் குழுவுலயே இருக்காரு, போன வருஷம் பொன்னாடை வரிசையில ஏழாவது ஆளா நின்னவரு. அதுக்கும் சோம்பல்னா விழாவைத் தலைகீழாத் திருப்பிப் போடுங்க. ஆறு மணிக்கு மகுடம், ஏழுக்கு வில்லு, ஒன்பதரைக்குப் பொன்னாடை. பத்து மணிக்கு போலீஸ்காரர் வந்து வாட்சைக் காட்டட்டும்.