ஊற்றியே கொன்றுவிட்டார்கள்

பாலைவன ரோஜா என்று சொல்லும் அடினியத்தின் அடித்தண்டைப் பிடித்துப் பார்த்தேன். கல்லைப் போல இருக்க வேண்டியது, அழுகிய பப்பாளியைப் போல விரலுக்குள் அமுங்கியது. ஏழு வருடங்களாக வளர்த்த செடி. தோழி கொடுத்த விதையை மணலில் தூவி முளைக்க வைத்து, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மேலே தூக்கி நட்டு, அந்தக் கிழங்கு யானைக்கால் போலப் பருத்ததைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருக்கிறேன். மெல்ல இழுத்ததும் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. ஒரே நாற்றம். அடுத்த தொட்டியும் அப்படித்தான். ஆறில் ஐந்து போய்விட்டன. நித்தியகல்யாணி வரிசை முழுவதும் தண்டு கறுத்துத் தலை தொங்கிக் கிடக்கிறது. பத்துமணிப் பூ வைத்திருந்த நீளத் தொட்டியில் பச்சைக் கூழ்தான் மிச்சம்.

வெயிலில் காய்ந்து செத்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கத்திரி வெயிலில் எங்கள் மொட்டைமாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தத் தளத்தின் மேல் நின்று, அந்தச் சூட்டைக் குடித்தே பூத்த செடிகள் இவை. அவை தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கின்றன. மதுரையில்! குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு, குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில்!

மகளின் பிரசவத்துக்காக 12 நாட்கள் கோயம்புத்தூர் போயிருந்தேன். போகும்போது எதிர்வீட்டுப் பெண்ணிடம் மாடிச் சாவியைக் கொடுத்தேன். வாயால் சொன்னது போதாதென்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன். அடினியத்துக்கு வாரம் ஒரு முறை ஒரு டம்ளர், மற்றவற்றுக்கு மண் காய்ந்தால் மட்டும், மழை பெய்தால் எதற்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம். இவ்வளவுதான். திரும்பி வந்து கேட்டால், "பாவம் அக்கா, மத்தியானம் பார்த்தால் எல்லாம் வாடி நின்றன. மனது கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஊற்றினேன்" என்கிறாள். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த 12 நாட்களில் நான்கு இரவுகள் மழை கொட்டியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையிலுமா ஊற்றினாய் என்று கேட்டேன். ஆமாம், ஊற்றினாளாம். இலைதானே நனைந்திருக்கும், வேருக்குப் போயிருக்காது என்று நினைத்தாளாம். போதாக்குறைக்கு, தளம் அழுக்காகிறதே என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வேறு. வடிந்த தண்ணீர் அதில் தேங்கி, வேர் இரவும் பகலும் அதிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது. தட்டில் கொசுப்புழு நெளிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் நல்ல பெண். படியேறி வந்து ஊற்றியது அன்பினால்தான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவளிடம் கத்த முடியாமல் இங்கே வந்து கத்துகிறேன். ஏனென்றால் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும், செடி வளர்ப்பது என்றால் தண்ணீர் ஊற்றுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் இலை தொங்கினால் அது தாகம் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் இலை வெளியே விடும் ஈரத்தின் வேகத்துக்கு வேர் உறிஞ்சிக் கொடுக்க முடியாது. மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை தளரும். வெயில் இறங்கியதும் தானே நிமிர்ந்துகொள்ளும். செடிக்கு உண்மையிலேயே தண்ணீர் வேண்டுமா என்று தெரிய வேண்டுமானால், விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் ஓய்வெடுத்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால், அப்போது விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த தொட்டி கனக்காது. விரலும் கையும் நமக்கு எதற்காக இருக்கின்றன?

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேரும் மூச்சு விடும் உயிர்தான். மூச்சு முட்டிய வேரில் பூஞ்சை ஏறும், வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்ததும் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ஓடிப்போய் இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்! மூழ்கிக்கொண்டிருப்பவனின் வாயில் செம்பைச் சாய்ப்பதற்குச் சமம் இது. என் செடிகளுக்குக் கடைசி நாட்களில் இதுதான் நடந்திருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.

அடினியம் எங்கிருந்து வந்த செடி? ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களிலும் அரேபியாவிலும் பாறை இடுக்கில் நிற்பது. மழை இல்லாத மாதங்களுக்காகத்தான் அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைத்து அப்படிப் பருத்திருக்கிறது. பத்துமணிப் பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் வயல் ஓரத்துப் பருப்புக்கீரைக்குச் சொந்தம். இரண்டுக்கும் இலை தடித்து வழவழவென்று இருப்பதே உள்ளே தண்ணீர் இருப்பதால்தான். நித்தியகல்யாணியின் சொந்த ஊர் மடகாஸ்கர். புற்றுநோய்க்கு மருந்து கொடுத்த அந்தச் செடி, நம் ஊர் மயானக் கரையிலும் சுவர் வெடிப்பிலும் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமலே வருடம் முழுவதும் பூக்கிறது. அங்கே யார் வாளியோடு போகிறார்கள்?

வாங்கும் இடத்திலேயே பொய் தொடங்கிவிடுகிறது. புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு நர்சரி. ரோஜாவைக் காட்டிக் கேட்டாலும் தினமும் தண்ணீர், காகிதப்பூவைக் காட்டிக் கேட்டாலும் தினமும் தண்ணீர், அடினியத்துக்கும் அதே பதில்தான். செடி நிற்கும் கறுப்புப் பையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பிசுபிசுத்த களிமண் உருண்டை, அதைச் சுற்றித் தென்னை நார்க்கழிவு. அதை அப்படியே தொட்டியில் இறக்கி, மேலே தண்ணீர் ஊற்றினால் எப்படி வடியும்? வீட்டுக்கு வந்ததும் அந்த உருண்டையை உதிர்த்துவிட்டு, செம்மண்ணோடு பாதிக்குப் பாதி பருமணல் கலந்து, மானாமதுரை மண்தொட்டியில், அடித்துளையின் மேல் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்து நட வேண்டும். மண்தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை விடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? சொல்ல மாட்டார்கள். செத்தால் இன்னொன்று வாங்க வருவோம் அல்லவா?

என் பெரியப்பா திருமங்கலம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தார். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிதான். மல்லிகை வறட்சிச் செடி இல்லை, பாசனம் வேண்டிய செடி. அதற்கே அவர் கார்த்திகையில் தண்ணீரை நிறுத்திவிடுவார். செடி காய்ந்து ஓய்ந்த பிறகு கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, எரு வைத்து, அதன் பிறகுதான் வாய்க்காலைத் திறப்பார். பங்குனியில் தோட்டம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். "காயப் போடாமல் பூக்குமா தாயி?" என்று கேட்பார். பள்ளிக்கூடம் போகாத மனிதர் அவர். அவருக்குத் தெரிந்தது, டைல்ஸ் போட்ட மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கும் நமக்கு ஏன் தெரியவில்லை?

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு காகிதப்பூக் கொடி இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் தழைத்திருக்கிறது, ஒரு பூ இல்லை. வீட்டுக்காரர் தினமும் ஹோஸ் பிடிக்கிறார், மாதம் ஒரு கைப்பிடி யூரியா போடுகிறார். பூக்கவில்லையே என்று என்னிடம் புலம்பவும் செய்கிறார். தண்ணீரும் யூரியாவும் வாரிக் கொடுத்தால் அது இலையைத்தான் தள்ளும். பத்து நாள் காயவிடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "பாவம் இல்லையா?" என்கிறார். நான்குவழிச் சாலை நடுவில், லாரிப் புகையிலும் தார்ச் சூட்டிலும் செவ்வரளியும் காகிதப்பூவும் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்பதை அவர் பார்த்ததே இல்லையா? நாகமலை அடிவாரத்தில் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதற்கு எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் போகிறது? பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதைத்தான் ஒடித்து வருகிறோம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழியும் சொல்கிறோம். அது எப்படி வாழ்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணின் கணக்குப்படி ஒரு நாளைக்கு நான்கு வாளி. 12 நாட்களுக்கு 48 வாளி. நான் விலை கொடுத்து வாங்கி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நிரப்பிய லாரித் தண்ணீர் அது. அதைக் கொண்டே என் செடிகளை அழுக வைத்திருக்கிறார்கள் என்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

ஆறாவது அடினியம் மட்டும் பாதி தப்பியிருக்கிறது. பழுப்பாக இருந்ததையெல்லாம் கத்தியால் சீவி, உள்ளே வெள்ளையாகக் கெட்டித் திசு தெரியும்வரை வெட்டி எடுத்திருக்கிறேன். பால் கண்ணில் படக்கூடாது, நஞ்சு, கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். இப்போது அது வேரும் இல்லாமல் இலையும் இல்லாமல் மாடிப்படிக்குக் கீழே நிழலில் ஒரு செய்தித்தாளின் மேல் கிடக்கிறது. வெட்டிய இடம் நன்றாகக் காய்ந்து தோல் கட்ட ஒரு வாரமாவது ஆகும். அதற்குப் பிறகுதான் உலர்ந்த மணலில் நடுவேன், நட்ட பிறகும் சில நாட்கள் தண்ணீர் காட்ட மாட்டேன். வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுகிறார்கள். நேற்று ஒருவர் கையில் சொம்போடு குனிந்தார். தட்டிவிட்டேன்.