எண்ணிக்கை குறைவென்றால் விலை கூடுமா?
எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே உயர்தரச் சேகரிப்புப் பொம்மைகளின் விலை கூடுகிறது என்று ஒரு கட்டுரையில் எழுதப்பட்டிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2018இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம், போதிய முன்பதிவு கிடைத்தால் மட்டும் பொம்மைகளைத் தயாரிக்கும் தன் ஹாஸ்லேப் திட்டத்தில், ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பாத்திரமான ஜப்பாவின் பாய்மரக் கலப் பொம்மையை ஏறத்தாழ 500 டாலருக்கு அறிவித்தபோது, குறைந்தது 5,000 பேர் முன்பதிவு செய்தால் மட்டுமே தயாரிப்போம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அங்கே எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு இருந்ததே தவிர, அரிதாக இருப்பதைக் காட்டி விலையை உயர்த்தும் மேல்வரம்பு இல்லை. வார்ப்பு அச்சுக்கும், திரைப்படப் பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமத்துக்கும் ஆகும் செலவு, விற்கும் எண்ணிக்கையால் வகுபடுவதுதான் விலையின் அடிப்படை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பொம்மையின் (உண்மை உருவத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு கொண்டது) ‘சிறப்புப் பதிப்பில்’ அதிகப்படியாக இருந்தது மாற்றிப் பொருத்தக்கூடிய இன்னொரு தலை மட்டுமே. அதே தலை பின்னர் சாதாரண மறுவெளியீட்டிலும் வந்தபோது, நான் விலை கொடுத்தது பொருளுக்கு அல்ல, தவறவிட்டுவிடுவோமோ என்ற அச்சத்துக்கே என்று புரிந்தது.