கணக்கை மூடுவது அவ்வளவு பெரிய குற்றமா?

ரப்பர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சிதறிக் கிடக்கும் தம் சேமிப்பை ஒரே கணக்கில் சேர்த்து வைக்க நினைப்பது அத்தனை பெரிய குற்றமா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவை எந்த வங்கிக்கு அழைத்துச் சென்றாலும், புதிய கணக்கு, புதிய அட்டை, புதிய காப்புறுதி என்றால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். பழையதை மூட வேண்டும் என்றதும் முகம் மாறி, கணக்கைத் திறந்த கிளைக்கே போகச் சொல்கிறார்கள். அந்தக் கிளை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை நடக்கிறது. அங்கே போய்ப் படிவம் கேட்கட்டுமா?

அடுத்தது பெருவிரல். காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டித் தேய்ந்துபோன ரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. அடையாள அட்டையில் இருக்கும் மனிதர் எதிரிலேயே நிற்கிறார்; ஆனால் மனிதர் போதாதாம், ரேகைதான் வேண்டுமாம்!

சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? 7 ஆண்டுகள் அசையாமல் கிடக்கும் சேமிப்பு, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமை கோரப்படாத பணமாக அரசாங்கப் பதிவதிகாரியிடம் போய்விடும். அதைத் திரும்பப் பெற இன்னொரு விண்ணப்பம். இதற்கிடையில், 55 வயதுக்குட்பட்டவர்களின் ஊழியர் சேமநிதி 2024 மே மாதம் முதல் இரண்டிலிருந்து மூன்று கணக்குகளாகி, புதிய சந்தா 75, 15, 10 விழுக்காடாகப் பிரிகிறது. அப்பாவுக்குக் குறைக்க அலைந்த நேரத்தில் எனக்கு ஒன்று கூடிவிட்டது.

ஒருவழியாக ஒரு கணக்கை மூடச் சம்மதித்த ஊழியர், மீதிப் பணத்தைப் போட்டு வைக்கத் தங்களிடமே புதிய கணக்கொன்று திறக்கலாமே என்று சிரித்த முகத்தோடு கேட்டார்.